விட்டுப் படித்த வரிகள்

எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி இரண்டு நிமிடம் வாங்கிக்கொண்டேன். நன்றாகத்தான் தெரிகிறது. சபூரா சொல்லச் சொல்ல யாரோ ஒரு பெண் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள், குண்டு குண்டான எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. திருத்தியவரின் சிவப்பு மை நகலில் சாம்பலாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏழாவது கேள்வி. நாகலிங்கா மில் வேலைநிறுத்தத்தின் முடிவையும் விளைவுகளையும் எழுதுக, பத்து மதிப்பெண். ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில். பதிலின் ஓரத்தில் ஒரு முட்டை. முட்டைக்குக் கீழே மூன்று சொல்: நூலில் இல்லை. கற்பனை. இந்த மூன்று சொல்லைத் தாண்டி என் கண் நகர மறுக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் சபூரா மடித்த கோலை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை என் வாய் இருக்கும் உயரத்துக்குச் சரியாகத் திருப்பி உட்கார்ந்திருக்கிறாள். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். பார்வையுள்ளவர்கள் நம் கண்ணைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பார்கள், கண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு ஐம்பது வருஷப் பழக்கம் உண்டு. மூச்சை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. நாற்பது எடுத்தால் தேர்ச்சி. முப்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். இந்த ஒரு தாளில் மட்டும். மற்ற எல்லாவற்றிலும் எழுபதுக்கு மேல். பி.எட். படிக்க இடம் போட்டு வைத்திருக்கிறார்கள், தேர்ச்சிச் சான்றிதழ் கொண்டுபோய்க் கொடுத்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிறவருக்கு. இன்று மாலை நாலு மணிக்குள் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தப்பு அவளுடையதா, திருத்தியவருடையதா. அதைத் தெரிந்துகொள்ள விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்திருக்கிறாள். வேறு யாரிடமும் கொடுக்கவில்லையாம். "உங்க வாயில கேட்டாத்தான் தோழர் எனக்கு நம்பிக்கை" என்றாள், அதைச் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஏனுங் தோழர், தூங்கீட்டீங்களா?"

"கண்ணாடி தொடைக்கறேன் கண்ணு."

"அதைத் தொடைச்சுத் தொடைச்சுத் தேஞ்சே போயிரும். ஏழாவது வந்தாச்சா? அதுலதான் எனக்கு முழுசா போட்டிருப்பாங்க. மத்ததுலதான் எங்கியோ புடுங்கீட்டாங்க."

முழுசா. அந்தச் சொல் மேசையில் விழுந்து கிடக்கிறது. நான் கண்ணாடியைத் துடைக்கிறேன். அறையின் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறது, எதிரொலி வராமலிருக்க. பல்கலைக்கழக நூலகத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறை இது. இதை ஒலிப்பதிவு அறையாக்கியது விமலாதேவி மேடம், மாற்றுத்திறனாளி மாணவர் மையத்தை நடத்துகிறவர். அவரை அப்படிச் செய்ய வைத்தது நான். இதை நான் சொல்லிக்கொள்வேன், யாரும் தடுக்க முடியாது. இந்தப் பல்கலைக்கழகம் பாடநூல்களை எல்லாம் இணையத்தில் இலவசமாக ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், பகிரலாம் என்று குத்துவிளக்கு ஏற்றி விழா நடத்தியபோது நான் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். புத்தகத்தைக் கோணல்மாணலாகப் படம் பிடித்து அப்படியே ஏற்றியிருந்தார்கள், சில பக்கங்களில் பிடித்த ஆளின் கட்டைவிரலும் சேர்ந்திருந்தது. அன்று வாசலில் சபூரா என்ற பெண் தன் போனை என் காதில் வைத்துக் காட்டினாள். பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் குரல் ஒன்று அதில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் அந்தக் குரல் 'படம்' என்றது. அடுத்த பக்கம், 'படம்'. இருநூற்று அறுபது பக்கமும் 'படம்'. எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டோம் என்கிறார்கள், வாசற்படி நாலடி உயரம். கடைசித் துண்டறிக்கை எழுதிப் பதினொரு வருஷம் கழித்து அன்று ராத்திரி மறுபடி ஒன்று எழுதினேன். 'படம், படம், படம்' என்று தலைப்பு. எழுபத்தோரு வயதில், ஒன்பதாம் வகுப்பு ஃபெயில் ஆன ஆறுச்சாமியாகிய நான், பல்கலைக்கழக வாசலில் நின்று என் கையால் ஆயிரம் தாள் கொடுத்தேன். துணைவேந்தர் கூப்பிட்டு விட்டார். கண் தெரியாத பிள்ளைகள் மட்டுமா, எழுத்து கண்முன் நெளிகிற பிள்ளை, மலையிலிருந்து இறங்கி வந்து தமிழையே இரண்டாவது மொழியாகப் படிக்கிற பிள்ளை, காது கேளாத பிள்ளை, இவர்களுக்கெல்லாம் என்ன வழி என்று கேட்டேன். நிதி வரட்டும் என்றார். வரும்வரை நானே படிக்கிறேன் என்றேன். நூற்று நாற்பது மணி நேரம் படித்திருக்கிறேன். என் தொண்டை வேறு எதற்கு இருக்கிறது? வேலை பார்த்த மில்லும் இல்லை, அதன் வாசல் கேட்டும் இல்லை, தொழிற்சங்கத்தில் என் நாற்காலியில் வேறு ஒருவன். முதல் நாள் சபூரா தாத்தா என்றாள். தாத்தா இல்லை, தோழர் என்றேன். "சரிங்க தோழர் தாத்தா" என்று சிரித்தாள். பிறகு தோழர் மட்டும் நின்றது. சங்கத்தில் இன்று என்னை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் கிண்டலுக்கு.

வாசிக்கிறவர்களுக்கு மேடம் விதி எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். உள்ளதை உள்ளபடி படிக்கவும். அடிக்குறிப்பையும் படிக்கவும். படம் இருந்தால் படத்தில் இருப்பதைச் சொல்லவும். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டாம். ஒருவர் படித்ததை இன்னொருவர் புத்தகத்தோடு ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். என் பதிவுகளை யாரும் ஒப்பிட்டுக் கேட்டதில்லை. "தோழர் படிச்சா அதுக்கு மேல என்னங்க" என்று மேடமே சொல்லிவிட்டார். அன்று எனக்கு நெஞ்சு விரிந்தது. போன டிசம்பரில் தொழிலாளர் இயக்க வரலாறு என்ற பாடநூல் வந்தது. அதைப் படிக்க என்னை விட்டால் யார்? பக்கம் நூற்றுப் பதினான்கு வரை தண்ணீராக ஓடியது. நூற்றுப் பதினான்கில் நாகலிங்கா மில். எழுதியவர் ஒரு முனைவர், நாங்கள் கேட்டில் மழையில் நின்றபோது அவர் கால்சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பார். ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தாளைப் புரட்டி எழுதியிருக்கிறார். எட்டு வரி. அந்த எட்டு வரியை ஒருதரம் மனதுக்குள் படித்தேன். பிறகு ஒலிவாங்கி முன்னால் அதைப் படிக்கவில்லை. ஒரு விநாடிகூட நிறுத்தாமல், குரல் தடுமாறாமல், அந்த இடத்தில் வேறு படித்தேன். தொண்ணூற்று மூன்றாம் நாள் வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது என்றேன். ரீலிங் பிரிவில் நூல் சுற்றும் பெண்கள் நானூறு பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தார்கள் என்றேன். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, புத்தக நடையிலேயே வந்தது, வல்லினம் மெல்லினம் பிசகாமல் வந்தது. அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தப்பாக எழுதியிருக்கிறான், திருத்தினேன். எழுதுகிறவன் முதலாளியின் தாளை வைத்து எழுதினால் வாசிக்கிறவன் திருத்தத்தான் செய்வான்.

தப்பாக எழுதியிருக்கிறான். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். டிசம்பரிலிருந்து ஜூலை வரை சொல்லியிருக்கிறேன். தப்பாக எழுதியிருந்தால் எது தப்பு? நாள் தப்பா? தொண்ணூற்று மூன்று, சரி. எண்ணிக்கை தப்பா? நானூற்றுப் பன்னிரண்டு, நான் நானூறு என்றேன், அவன்தான் சரி. அரிசி தீர்ந்துவிட்டது. அதைத்தான் அந்த முனைவர் எழுதவில்லை. எண்பதாம் நாளுக்குமேல் சங்கத்தில் கஞ்சி காய்ச்சக் குருணை இல்லை, ஆட்கள் பின்வாசல் வழியாக உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள், எல்லாம் போவதற்கு முன்னால் பாதியையாவது காப்பாற்றுவோம் என்று தலைவர் சொன்னார். மில் நிர்வாகத்தின் விருந்தினர் மாளிகையில் காபி கொடுத்தார்கள். நல்ல காபி, அதன் ருசி இன்னும் நாக்கில் வருகிறது, தூ. நிரந்தரத் தொழிலாளர் எல்லோரும் உள்ளே. ரீலிங் பிரிவு வேண்டாம், அங்கே இயந்திரம் வருகிறது. ஒப்பந்தத்தில் அது ஏழாம் பிரிவு. முதலில் தலைவர் கையெழுத்துப் போட்டார், பிறகு செயலாளர், மூன்றாவது நான். இரண்டு பேரும் செத்துப்போய்விட்டார்கள். கேட்டுக்கு வந்தோம். இரண்டாயிரம் பேர். அதில் பாதிக்குமேல் எழுத்துத் தெரியாதவர்கள், பெண்களில் முக்கால்வாசி. எங்கள் கேட்டில் ஒரு வழக்கம், தாள் எதுவானாலும் சத்தமாகப் படிக்க வேண்டும், படிப்பவன் ஆறுச்சாமி. மாமனாருக்கு வந்த கடிதத்தைக்கூட என்னிடம் கொண்டுவருவார்கள். அவன் படிச்சா உள்ளதைப் படிப்பான் என்பார்கள். அன்று மேசைமேல் ஏறி ஒப்பந்தத்தைப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. எட்டு. யாரும் எண்ணவில்லை. கைதட்டல் மில் புகைபோக்கியில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் பாடினார்கள், அது நிஜம், பாடினார்கள், பாடிக்கொண்டே மறுநாள் காலை கேட்டுக்கு வந்தார்கள், அதுவும் நிஜம். காவல்காரன் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றான். ரீலிங்கில் மாராத்தா என்றொருத்தி, சங்கத்துக்கு முதலில் கைநாட்டு வைத்தவள். அவள் என் சட்டையைப் பிடிக்கவில்லை, திட்டவில்லை. "நேத்து நீ படிச்சதுல எங்க பேரு எந்தப் பக்கத்துல இருந்துச்சு ஆறுச்சாமி, அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொருக்கா படி" என்றாள். நான் படிக்கவில்லை. தலைவருக்குக் காய்ச்சல், பார்க்கப் போகிறேன் என்று சொல்லி நடந்தேன். அதற்குப் பிறகு அறுபது துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். எதிலும் அந்தத் தேதி இல்லை. நான் சிறை போயிருக்கிறேன், மூன்று தரம், முட்டி எலும்பில் லத்தி அடி இப்போதும் மழைக்கு வலிக்கும், அதெல்லாம் யார் புத்தகத்தில் எழுதியிருக்கிறான்? ஒன்றும் இல்லை. அந்த எட்டு வரிதான் இருக்கிறது. அந்த எட்டு வரியைத்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பகிரலாம்.

இப்போது விடைத்தாளில் சாம்பல் மையில் கற்பனை என்றிருக்கிறது. சபூரா என் பேச்சைத்தான் ஒரு சொல் விடாமல் சொல்லியிருக்கிறாள். 'பாட்டுப் பாடிக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தார்கள்.' அந்த வரியின் கீழ் இரட்டைக் கோடு. பொய் சொல்வது எளிது. ஏழாவது கேள்விக்கு ஆறு மதிப்பெண் போட்டிருக்கிறார் என்று சொல்லலாம். அவள் எதை வைத்துப் பார்ப்பாள்? நாலு மணிக்கு விண்ணப்பம் போடுவாள், 'பாடநூல் பக்கம் 114-இல் உள்ளபடியே எழுதினேன்' என்று அவளே சொல்லி எழுதுவிப்பாள், அவர்கள் பக்கம் 114-ஐ எடுத்துப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். உண்மையைச் சொன்னால், ஒலிப்பதிவு தவறு என்று மையம் ஒரு கடிதம் கொடுத்தால், ஒருவேளை அந்தப் பத்தில் இரண்டு கிடைக்கும். கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். என் நூற்று நாற்பது மணி நேரத்தையும் இணையத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துத்தான் என்ன? இரண்டாயிரம் பேர் இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று மேடம் பெருமையாகச் சொன்னார். அது போன் போனாகப் போய்க்கொண்டிருக்கிறது.

"தோழர். அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்குது. எவ்வளவு போட்டிருக்காங்க?"

"பூஜ்யம்."

அவள் சிரித்தாள். "சும்மா இருங்க."

"பூஜ்யம்தான் கண்ணு. நூலில் இல்லை, கற்பனைன்னு எழுதியிருக்கான்."

"கற்பனையா? நான் உங்க ஆடியோவை இருவது தடவை கேட்டிருக்கேன். ஒரு வார்த்தை மாத்தலையே. அவருக்கென்ன கிறுக்கா? புத்தகம் இருக்குதா இங்க? பக்கம் நம்பரோட எழுதிப் போட்டா அவரு மூஞ்சி..."

"அவன் மேல தப்பில்ல."

என் குரல்தான் அது. மேசைமேல் ஏறி நின்ற குரல் அல்ல, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"புத்தகத்துல வேற மாதிரி இருந்துச்சு. தப்பா எழுதியிருந்தான். நான் திருத்திப் படிச்சேன்."

அவள் மடித்த கோலின் ரப்பர் கயிற்றை விரலில் சுற்றி, விட்டு, சுற்றினாள்.

"திருத்திப் படிச்சீங்க."

"ஆமா."

"நான் உங்களைப் பாடம் எடுக்கச் சொன்னனா? படிக்கத்தானுங்க சொன்னேன்."

"கண்ணு, அந்தப் போராட்டத்துல நான்..."

"நீங்க இருந்தீங்க, தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கீங்க. புடிக்கலைன்னா, எனக்கு இது புடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டு உள்ளதைப் படிச்சிருக்கலாமே. நான் ரெண்டையும் கேட்டுக்கிட்டு இருந்திருப்பேனே. எனக்கு அந்தளவுக்கு மூளை இல்லைன்னு நெனச்சீங்களா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தெரியும், உயர்ந்த குரலுக்குப் பதில் என்னிடம் நிறைய இருக்கிறது. "விருதுநகர்ல என் ஃபிரெண்டு ஒருத்தி இதைத்தான் கேட்டுட்டு இருக்கா. அவளுக்கு நவம்பர்ல பரீட்சை."

"மேடத்துகிட்ட நானே சொல்றேன். கடுதாசி எழுதித் தர்றேன். நாலு மணிக்குள்ள."

"தாங்க. அது தரணும். இப்பப் புத்தகத்தை எடுங்க. அந்தப் பக்கத்தைப் படிங்க."

அச்செடுத்த தாள்கள் அலமாரியில்தான் இருந்தன. எடுத்தேன். நூற்றுப் பதினான்கு. கோணலாகப் பிடித்த படம், ஓரத்தில் யாருடைய விரலோ. படித்தேன். "தொண்ணூற்று மூன்றாம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிரந்தரத் தொழிலாளர் அனைவரும் வேலைக்குத் திரும்பினர். ரீலிங் பிரிவைச் சேர்ந்த நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவின்படி வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்." அங்கே வந்ததும் தொண்டை தானாக நின்றது. நான் நிறுத்தவில்லை, சத்தியமாக நான் நிறுத்தவில்லை, அது நின்றது. கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. அதைக் கண் படித்தது. கண் படித்து முடித்தது. இவ்வளவு சொன்ன பிறகும், கடிதம் தருகிறேன் என்று சொன்ன பிறகும், இந்த மூன்று வரியில் அவளுக்கு என்ன இருக்கிறது, பரீட்சைக்கு வேண்டியது மேலேயே வந்துவிட்டது, ஒரு மதிப்பெண்கூட இதில் கிடையாது.

"அவ்வளவுதான்" என்றேன்.

சபூரா தலையைச் சற்றுச் சாய்த்தாள். நான் எந்த இடத்தில் மூச்சு வாங்கினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், இருபது தடவை கேட்டவள். எழுந்து கதவைத் திறந்தாள். வராந்தாவில் யாரோ ஈரத்துணியால் தரை துடைக்கிற சத்தம்.

"அக்கா, யாருங்க்கா? துளசிமணி அக்காவா?"

"ஆமா கண்ணு, தரை ஈரமா கெடக்குது, அங்கியே நில்லு."

"உங்களுக்குத் தமிழ் படிக்க வருமுங்களா?"

"அஞ்சாவது வரைக்கும் போனேன். பஸ் போர்டெல்லாம் படிச்சுருவேன். எதுக்கு?"

"ஒரு பக்கம் படிக்கணும். கொஞ்சம் வாங்க."

துளசிமணி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள், நூலகத்தைப் பெருக்கித் துடைக்கிறவள், ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தாள். "பெரியவரு இருக்கறப்ப நானா? சாமி, எனக்கு எழுத்துக் கூட்டித்தானுங்க வரும், நேரமாகும்."

"ஆகட்டுங்க்கா. அவரு கையில இருக்கற தாளை வாங்கிக்கங்க."

என் கை அதைக் கொடுத்தது. துளசிமணி தாளைத் தூரத்தில் பிடித்து, பக்கத்தில் கொண்டுவந்து, சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஆள்காட்டி விரலை முதல் எழுத்தில் வைத்தாள். தொண், ணூற், று. சபூரா என் பக்கம் இருந்த முகத்தை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள், அதே உயரத்துக்கு, வாய் இருக்கும் உயரத்துக்கு. மூன், றாம், நாள். எனக்கு அந்த மூன்று வரியும் மனப்பாடம். நான் எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது, தரைதான் ஈரம். ரீ, லிங். இப்படி ஒருவர் படித்து நான் கேட்டதே இல்லை, எப்போதும் நான் படித்து அவர்கள் கேட்டார்கள். ஒரு எழுத்தைக்கூடத் தாண்ட அவளுக்குத் தெரியவில்லை. நீக், கப், பட், டனர். நான் நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை, விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"இப், பிரி, வு... வா, யிற், கூட், டத், தில்... வா, சிக், கப், பட, வில், லை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "தொழிற், சங், கத், தின் சார், பில்... கை, யெழுத், திட்ட... மூவர்." விரலை எடுத்தாள். "இதுக்கப்புறம் பேரா இருக்குது கண்ணு. மூணு பேரு. அதெல்லாம் படிக்கணுமா?"

"எல்லாத்தையும் படிங்க்கா" என்றாள் சபூரா.

துளசிமணி விரலை மறுபடி தாளில் வைத்து, முதல் பெயரை எழுத்துக் கூட்டத் தொடங்கினாள்.